கனம் பார்த்தல்

பூ செய்து முடிந்துவிட்டது. முடிந்து வெகுநேரமாகிறது. ஆனாலும் கோயில்பிள்ளை ஏதோ ஒரு இதழ் சரியாக மடங்கவில்லை என்பதுபோல அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு மேஜையை விட்டு எழுந்திரிக்காமல் உட்கார்ந்திருந்தார். யாருக்குக் காட்டுகிற பாவனையோ தெரியவில்லை. வீட்டில் இருப்பதே ரெண்டு பேர். அவரும், ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிற அவர் சம்சாரம் சுகிர்தமும். சுகிர்தத்துக்குப் பாவனையும் நிஜமும் ஒன்றாகிப்போய் ரெண்டு மூன்று வருஷம் ஆச்சு. மறதி என்றார் டாக்டர். வயசானால் சிலருக்கு வரத்தான் செய்யும் என்றார். மாத்திரை எழுதினார். காலையில் எழுந்ததும் 'ஏங்க, பால் வாங்கியாச்சா' என்று ஒழுங்காகத்தான் கேட்பாள். வெயில் ஏற ஏற ஆள் கலங்கிவிடுவாள். மத்தியானத்துக்கு மேல் இது யார் வீடு, எதிரே நிற்கிற இந்த மனுஷன் யார் என்பதெல்லாம் அவளுக்குச் சந்தேகம்தான். அது பழகிவிட்டது. எதுதான் பழகாது. சோற்றில் உப்பில்லாமல் இருந்தாலும் பழகும், கட்டினவள் தன்னை யாரோ என்று பார்த்தாலும் பழகும். கோயில்பிள்ளை இப்போது எழுந்திரிக்காமல் இருப்பது அதனால் இல்லை. நாளைக்குக் காலையில் கோயிலில் கல்யாணம், பெண்ணுக்குக் கொண்டையைச் சுற்றி வைக்கிற பட்டுப்பூ வளையமும் கைச்செண்டும் தயார், பெண்ணின் மாமா விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதற்குள் ஒரே ஒரு வேலை பாக்கி. கனம் பார்க்கணும். கனம் பார்ப்பது என்றால் பூவைச் சுகிர்தத்தின் தலையில் வைத்துப் பார்க்கணும். அதற்குத்தான் மனுஷனுக்குப் பயமாக இருந்தது. சொன்னால் சிரிப்பார்கள். எத்தனையோ கல்யாணத்துக்குப் பூ செய்த கை, சொந்தப் பெண்டாட்டி தலையில் பூ வைக்கப் பயந்து நடுங்குகிறது.

கனம் என்பது தராசில் தெரிகிற சமாச்சாரம் இல்லை. பட்டுத்துணியைக் கஞ்சியில் முக்கி, நிழலில் காயவிட்டு, நூலுக்குச் சாய்வாக வெட்டி, ஒவ்வொரு இதழையும் நுனி உருண்ட குமிழ்க் கம்பியைச் சூடாக்கி, சின்னப் பஞ்சு மெத்தையில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் இதழ் குழிந்து எழுந்திருக்கும். அதில் கனமே கிடையாது, வாயால் ஊதினால் பறக்கும். ஆனால் இதழெல்லாம் கூடி, கம்பியும் நூலும் பசையும் சேர்ந்து, ஒரு பெண்ணின் தலையில் ஏறி, அவள் ஆராதனை முழுக்க நின்று, குனிந்து, முழங்கால் போட்டு, சபையார் கை குலுக்கி, போட்டோக்காரன் சொன்ன பக்கமெல்லாம் கழுத்தைத் திருப்பி முடிக்கிறபோது அது என்ன கனம் என்பது அந்தக் கழுத்துக்குத்தான் தெரியும். கோயில்பிள்ளைக்கு இது தானாக வந்த புத்தி இல்லை. சுகிர்தம் சொல்லி வந்தது. அவர் மெட்ராஸில் ஒரு கடையில் தொழில் படித்துக்கொண்டிருந்த காலம், ஊரில் பெண் பார்த்து முடித்துவிட்டார்கள் என்று கடுதாசி வந்தது. தன் கல்யாணத்துக்குத் தானே பூ செய்வது என்று ஒரே பிடியாக நின்றார். முதலாளியிடம் கெஞ்சி நல்ல பட்டாக வாங்கி, இருக்கிற வித்தையெல்லாம் அதில் இறக்கினார். இளவயசுக்காரன் வித்தை எப்படி இருக்கும், கொட்டிக் கவிழ்த்த மாதிரிதான் இருக்கும். கோயிலில் அதை எல்லோரும் பாராட்டினார்கள். ஒரு வாரம் கழித்து, பேச்சோடு பேச்சாக, கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே சுகிர்தம் சொன்னாள், அந்தப் பூ ரொம்பக் கனம், மூணு நாளாக் கழுத்தைத் திருப்ப முடியல என்று. அவருக்கு ரோசம் வந்தது. வந்த ரோசத்தில், 'அப்படின்னா இனிமே நீயே தலையில வச்சுப் பாத்துச் சொல்லு' என்றார். அவள் சரி என்றாள். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். பாளையங்கோட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் யார் யாரோ வைத்துக்கொண்டு போன பூவெல்லாம் முதலில் அவள் தலையில் இருந்து இறங்கின பூ. இந்தப் பக்கம் இழுக்குது, பின்னால குத்துது, இதை வச்சுக்கிட்டு அந்தப் பிள்ளை குனிஞ்சு கும்பிட்டா அம்புட்டும் மூக்குல வந்து விழும், என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லுவாள். சொன்னால் சொன்னதுதான். அவளுக்கென்று ஒரு பூ செய்தோமா என்று கோயில்பிள்ளை யோசித்துப் பார்த்தார். அந்தக் கனமான பூவைத் தவிர வேறு ஞாபகம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் வந்து உட்கார்ந்தார்.

மேஜையின் ஓரத்தில் தெர்மாக்கோல் தலை ஒன்று கண்ணும் மூக்கும் இல்லாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அது இந்த வீட்டுக்குப் போன மாசம் வந்தது. சுகிர்தத்தின் தலைக்குப் பதிலாக வாங்கி வைத்தார். பதிலாவது ஒன்றாவது. போன மாசக் கல்யாணத்துப் பூவை இதன் தலையில்தான் வைத்துப் பார்த்தார், அப்படியே சிலை மாதிரி நின்றது, நிற்காமல் என்ன செய்யும், அதற்குக் கழுத்துண்டா, மூச்சுண்டா, ஜெபத்துக்குக் குனிய வேண்டிய கட்டாயம்தான் உண்டா. அந்தப் பெண் கோயிலில் ஆசீர்வாதத்துக்குத் தலையைத் தாழ்த்தினாள் பாருங்கள், பூ வளையம் அப்படியே நழுவி நெற்றியைத் தாண்டி மூக்கில் வந்து உட்கார்ந்துவிட்டது. சபை முழுக்கக் கொல்லென்று சிரிப்பு. குருவானவரே இருமுகிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டாராம். அந்தப் பெண்ணின் அம்மா வீடு தேடி வந்தாள். ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை. இந்த நாற்காலியில் உட்கார்ந்து, 'உங்ககிட்ட செய்யக் குடுத்தா கவலைப்பட வேண்டாம்னு இருந்தோம் அண்ணாச்சி' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். சுகிர்தம் அவளுக்குக் காப்பி வேண்டுமா என்று மூன்று தடவை கேட்டாள். அன்றைக்கு ராத்திரி கோயில்பிள்ளை சாப்பிடவில்லை. ஆக, தெர்மாக்கோல் தலை உதவாது. நாளைக்குக் கல்யாணப் பெண் ஒல்லிப் பிள்ளை, கொக்குக் கழுத்து, முடியும் அடர்த்தி இல்லை, இந்த மாதிரித் தலைக்குத்தான் கனம் கண்டிப்பாகப் பார்க்கணும். அந்தப் பிள்ளையின் நல்ல நாளை இவர் பயத்துக்குப் பலிகொடுப்பது என்ன நியாயம். நியாயம் எல்லாம் தெரியத்தான் செய்கிறது. ஆனால் எழுந்திரிக்கக் கால் வரவில்லையே. 'முட்டு வலி' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார். முட்டு வலிக்கவில்லை.

பயம் எங்கே ஆரம்பித்தது என்றால், தெர்மாக்கோல் தலையை வாங்குவதற்கு முன்னால், கடைசியாகச் சுகிர்தத்தை வைத்துக் கனம் பார்த்த அன்றைக்கு. அதுவும் இதேபோல ஒரு மத்தியானம். அதுவரை மறதி மறதியாகத்தான் இருந்ததே தவிர, பூவை வைத்தால் மட்டும் அவள் பழைய சுகிர்தமாகிவிடுவாள். முதுகு நிமிரும், கண் மூடும், 'பின்னால குத்துது' என்று சரியாகச் சொல்லுவாள். இந்தப் பூதான் அவளுக்கு மருந்து என்றுகூட அவர் பெங்களூரில் இருக்கிற மகள் பெனிட்டாவிடம் போனில் பெருமையாகச் சொல்லியிருந்தார். அன்றைக்கும் பூவை வைத்தார். ஊசி குத்தினார். அவள் கண்ணைத் திறந்து, எதிரே இருந்த கண்ணாடியில் பூவோடு இருக்கிற தன் தலையைப் பார்த்தாள். கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவரைத் திரும்பிப் பார்த்து, 'மாப்பிள்ளை வந்துட்டாகளா அண்ணாச்சி' என்று கேட்டாள். அண்ணாச்சி. கடைக்காரரைக் கூப்பிடுகிற அண்ணாச்சி, பஸ்ஸில் நகர்ந்து உட்காரச் சொல்லுகிற அண்ணாச்சி. கோயில்பிள்ளைக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. 'நான்தாம்ளா மாப்பிள்ளை' என்றார். அவள் முகம் சுருங்கிவிட்டது. 'விளையாடாதீக அண்ணாச்சி, வெளிய போய்ப் பாத்துட்டு வாங்க' என்றாள். அந்தக் குரல். அந்த அவசரம். அவர் கூட வாழ்ந்த இத்தனை வருஷத்தில் அவரை எதிர்பார்த்து அவள் அப்படி ஒரு குரலில் கேட்டதாக அவருக்கு ஞாபகம் இல்லை. வெளியூர் போய் ஒரு வாரம் கழித்து வந்தாலும் 'வந்தாச்சா, குளிங்க' என்பதுதான் அவள் வரவேற்பு. அப்படியானால் இந்த மாப்பிள்ளை யார். எவன் வரவேண்டும் என்று இவள் இப்படித் தவிக்கிறாள். அந்த எண்ணம் காலில் தைத்த முள்ளாகிவிட்டது. நடக்கும்போதெல்லாம் குத்தும். உட்கார்ந்தால் மறந்த மாதிரி இருக்கும், பிறகு அதுவே கூப்பிட்டுக் குத்தும். அந்த மருந்து வேண்டாம், அவள் வாயில் இன்னொரு பெயர் வந்துவிட்டால் அப்புறம் அதைக் காதிலிருந்து எடுக்க முடியாது என்றுதான் டவுனுக்குப் போய் அந்த மொட்டைத் தலையை வாங்கி வந்தார்.

பெயர் இல்லாமலும் இல்லை. அதுதான் தொல்லையே. தவமணி வாத்தியார். எந்தக் காலத்துக் கதையோ, சுகிர்தத்தின் அத்தை ஒருத்தி, கல்யாண வீட்டுப் பந்தியில் வெற்றிலையை மென்றுகொண்டே, 'எங்க சுகிர்தத்தை முதல்ல தவமணி வாத்தியாருக்குல்லா கேட்டாக' என்று சொன்னாள். அப்போது கோயில்பிள்ளை மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார். வாத்தியாருக்குக் கிடைக்காதது தனக்குக் கிடைத்ததாம், அதில் ஒரு கெத்து. இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் பற்றிக்கொண்டு வந்தது. வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த மாதிரி, இந்த ஒரு பெயரை வைத்துக்கொண்டு மனசு ராவும் பகலும் அரைத்தது. கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிக்கிறபோது, இந்த விவாகத்துக்குத் தடை இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டார்களே, அந்த மூன்று ஞாயிறும் அவள் எந்தப் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தாள், முகம் எப்படி இருந்தது. தெரியாது, இவர் மெட்ராஸில் இருந்தார். கல்யாணத்தன்று குருவானவர் 'இவரை உன் புருஷனாக ஏற்றுக்கொள்கிறாயா' என்று கேட்டபோது அவள் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. 'சத்தமாச் சொல்லும்மா' என்று குருவானவர் மறுபடி கேட்க வேண்டியிருந்தது. இதை அவர் எத்தனை விருந்தில் எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். எங்க வீட்டுக்காரிக்கு அம்புட்டு வெட்கம், குருவானவரே ரெண்டு தடவை கேட்டாரு என்று. அவளும் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டுதான் இருப்பாள். அது என்ன சிரிப்பு. இப்போது ஒவ்வொரு சிரிப்பையும் வெளியே எடுத்துத் தட்டிப் பார்க்கவேண்டியதாக இருக்கிறது. கேட்டால் பைத்தியம் என்பீர்கள், போன வாரம் வேலை மெனக்கெட்டுப் பஸ் பிடித்து அந்த வாத்தியாரையே பார்த்துவிட்டு வந்தார். பக்கத்து வீட்டு ரோஸ்லினைச் சுகிர்தத்துக்குத் துணைக்கு வைத்துவிட்டுப் போனார். வாத்தியார் மகன் வீட்டு வராந்தாவில் பல்செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். சுற்றி வளைத்து, 'நம்ம சுகிர்தம் உங்களை விசாரிச்சுது' என்று ஒரு பொய்யைப் போட்டார் கோயில்பிள்ளை. 'எந்தச் சுகிர்தம்' என்றார் வாத்தியார். ஊரைச் சொன்னார், அப்பா பேரைச் சொன்னார், அந்த மனுஷனுக்குப் பிடிபடவே இல்லை. எந்தச் சுகிர்தமாம். பஸ்ஸில் திரும்பி வருகிறபோது கொஞ்சநேரம் நிம்மதியாகத்தான் இருந்தது. சேரன்மகாதேவி தாண்டுவதற்குள் மனசு திரும்பிக்கொண்டது. அவனுக்குத் தெரியாவிட்டால் என்ன. அவளுக்கு இருந்திருக்கலாமே. அவள் மனசில் இருந்தது அவனுக்குத் தெரியணும் என்று என்ன சட்டம். தன் மனசில் இருப்பதெல்லாம் அவளுக்குத் தெரியுமா. அவள் மனசில் இருப்பது தனக்குத்தான் தெரியுமா. இத்தனை வருஷம் அவள் கழுத்து வலிக்கிறதா என்று கேட்டோம், பூ குத்துகிறதா என்று கேட்டோம், வேறு என்ன கேட்டோம்.

வெயில் ஜன்னலை விட்டு இறங்கிவிட்டது. இனி உட்கார்ந்திருக்க முடியாது. கோயில்பிள்ளை ஸ்டவ்வைப் பற்றவைத்துக் குமிழ்க் கம்பியைச் சூடுபண்ணினார், அழுத்துவதற்கு இதழ் எதுவும் இல்லை, அணைத்தார். சீப்பை எடுத்தார். முக்காலியைக் கண்ணாடிக்கு முன்னால் இழுத்துப் போட்டார். பிறகு யோசித்து, கண்ணாடியைக் கழற்றிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். கண்ணாடியில் தலையைப் பார்த்ததால்தானே அன்றைக்கு அவளுக்கு அப்படியாச்சு, இன்றைக்குப் பார்க்காவிட்டால் ஆகாது, தான் எவ்வளவு கெட்டிக்காரன் என்று ஒரு அற்ப சந்தோஷம் வந்தது. முக்காலி இழுபடுகிற சத்தம் கேட்டதுமே சுகிர்தம் எழுந்து வந்துவிட்டாள். யார் வீடு என்று தெரியாது, என்ன கிழமை என்று தெரியாது, ஆனால் முக்காலி சத்தம் தெரியும். உட்கார்ந்தாள், சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள், முதுகை நிமிர்த்தினாள். அவள் தலையை அவிழ்த்தார். நரைத்து மெலிந்து கைக்குள் அடங்குகிற முடி. முன்பெல்லாம் ஒரு கையில் பிடிக்க முடியாது, எண்ணெய் வாசம் விரலில் மறுநாள் வரைக்கும் இருக்கும். இவள் தலைமுடியைத் தான் தொட்டதெல்லாம் யாரோ ஒரு பெண்ணின் கல்யாணத்துக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டே சவுரியை வைத்துச் சேர்த்து முறுக்கிக் கொண்டை போட்டார். ஊசியை வாயில் கவ்விக்கொண்டார். இரும்பு ருசி. வளையத்தைத் தூக்கிக் கொண்டையைச் சுற்றி இறக்கினார், ஒவ்வொரு ஊசியாகக் குத்தினார். ஒரு ஊசி தோலில் பட்டிருக்கவேண்டும், அவள் லேசாகத் தலையை இழுத்துக்கொண்டாள். தெருவில் மீன்காரி கூவிக்கொண்டு போனாள். சுகிர்தம் கண்ணை மூடினாள்.

இடது பக்கம் இழுக்குது என்றாள் அவள். குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள், இடது காதுக்கு மேல ஒரு பூ கூடுதலா இருக்கு, அதை எடுத்துரணும் என்றாள். கோயில்பிள்ளைக்கு உயிர் வந்தது. என் தாயே, என் ராசாத்தி, இதுதான் வேண்டும், இது போதும். வேறு எதுவும் கேட்காதே, எழுந்து போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள், நான் உனக்குக் காப்பி போட்டுத் தருகிறேன் என்று மனசுக்குள்ளேயே கெஞ்சிக்கொண்டு, அவசரமாக முதல் ஊசியை உருவினார். சுகிர்தம் கையை உயர்த்திக் கொண்டையைத் தொட்டாள். விரலால் பூவைத் தடவிக்கொண்டே போனாள், இதழ் இதழாக, வளையம் முழுக்க. கண்ணாடி எதற்கு, விரலுக்குத் தெரியாதா பூ. கண்ணைத் திறந்தாள். திரும்பி அவரைப் பார்த்தாள், அதே பார்வை.

'மாப்பிள்ளை வந்துட்டாகளா அண்ணாச்சி.'

பதில் சொல்லக்கூடாது என்றுதான் தீர்மானம் பண்ணி வைத்திருந்தார். பேச்சை மாற்றவேண்டும், ஊசியை உருவவேண்டும், பூவை இறக்கவேண்டும், அவ்வளவுதான். ஆனால் முள் தைத்தவன் அதை அழுத்திப் பார்க்காமல் இருப்பானா. யாரு மாப்பிள்ளை என்று கேட்டுவிட்டார். கேட்ட குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. சுகிர்தம் ஆச்சரியமாகப் பார்த்தாள், பூவைச் செய்து கொண்டுவந்தவருக்கு மாப்பிள்ளை யாரென்று தெரியாதா என்கிற மாதிரி. மெட்ராஸில் பூவேலை செய்கிறவர் என்று சொன்னாள். பாளையங்கோட்டைப் பக்கம் சொந்த ஊரு என்றாள். பேரு கோயில்பிள்ளை என்றாள்.

அட கர்த்தாவே. நான்தான். நானேதான். தவமணியும் இல்லை, வேறு எவனும் இல்லை. அறுபத்தெட்டு வயசுக் கிழவனுக்கு உடம்பெல்லாம் சூடேறிக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஒரு மாசமாக வயிற்றில் கிடந்த கல் கரைந்துபோச்சு. எப்பேர்ப்பட்ட மடையன் நான், பஸ் பிடித்துப் போய்ப் பல்லில்லாத கிழவனிடம் விசாரித்தேனே, பெனிட்டாவிடம் சொன்னால் வயிறு குலுங்கச் சிரிப்பாளே. அவள் தவித்ததெல்லாம் எனக்காகத்தான், அந்தக் குரல் எனக்கான குரல்தான், அதை அவள் எனக்குக் காட்டாமல் உள்ளே வைத்திருந்திருக்கிறாள், வெட்கக்காரி. அந்தச் சந்தோஷத்தோடு விட்டிருக்கலாம். மனுஷன் அப்படி விடுகிற ஜாதியா. கிடைத்த இலையில் இன்னும் கொஞ்சம் பாயசம் கேட்கிற ஆசைதான். முக்காலிக்கு முன்னால் வந்து, வலிக்காத முட்டுக்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்து, அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்து, கட்டின நாளிலிருந்து ஒரு நாளும் கேட்காததைக் கேட்டார்.

'மாப்பிள்ளையை உனக்குப் பிடிச்சிருக்காம்மா?'

சுகிர்தம் வாசல் பக்கம் பார்த்தாள், அடுப்படிப் பக்கம் பார்த்தாள். யாரும் இல்லை என்று தெரிந்ததும் குனிந்து, பூ நழுவாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ரகசியமாகப் பேசினாள்.

'எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. மூணு ஓலையும் வாசிச்சாச்சு, நான் சொன்னா யாரும் கேக்கமாட்டாக. அப்பாகிட்டச் சொன்னா அடிப்பாக. நீங்க வெளி ஆளு, நீங்க சொன்னாக் கேப்பாக. சொல்லீருவீகளா?'

அவர் ஏன் என்று கேட்டார். அந்த மாப்பிள்ளை ஏதாவது கெட்டவனா, குடிப்பானா, யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார். அதெல்லாம் இல்லை என்றாள் அவள். நல்ல மாதிரி என்றுதான் சொல்கிறார்கள் என்றாள். அப்படியானால் வேறு யாரையாவது மனசில் வைத்திருக்கிறாயா என்றும் கேட்டார். தவமணி என்று சொல்லிவிடு, தயவுசெய்து சொல்லிவிடு, ஒரு ஆள் மேல் கோபப்பட்டுக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்டிவிடுவேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். யாரும் இல்லை. காரணமும் இல்லை. வேண்டாம், அவ்வளவுதான். மாப்பிள்ளை வந்துவிட்டார்களா என்று அவள் கேட்டது வந்துவிடக்கூடாதே என்கிற கேள்வி. வயசு இருபதுகூட ஆகாத ஒரு பிள்ளையின் பயம் அந்தச் சுருங்கின முகத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது. பாவி, இதையா நான் வெட்கம் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். இவள் ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லையே, சோறு போடாமல் இருந்ததில்லையே, நான் காய்ச்சலில் கிடந்தபோது மூன்று ராத்திரி கண் விழித்தாளே, அதெல்லாம் என்ன. அதெல்லாம் அதுதான், பொய்யில்லை. இதுவும் பொய்யில்லை. ரெண்டையும் எங்கே கொண்டுபோய் வைக்கிறது என்றுதான் தெரியவில்லை. இல்லளா, கல்யாணம் எப்பவோ முடிஞ்சு போச்சு, உனக்கு ஒரு மகள் இருக்கா, பேரன் இருக்கான், நான்தான் அந்தக் கோயில்பிள்ளை, என்று சொல்லலாம். நாக்கு வரைக்கும் வந்தது. சொன்னால் அவள் என்ன செய்வாள். ஓடக் காலும் இல்லாமல், நம்பப் புத்தியும் இல்லாமல், இந்த முக்காலியில் உட்கார்ந்து இவரைப் பார்த்துப் பயந்துகொண்டிருப்பாள். அதைத்தான் அவள் ஒரு தடவை பட்டாச்சே.

'சொல்லிடுதேன்மா,' என்றார்.

எழுந்தார். வாசல் அறைக்குப் போனார். அங்கே யாரும் இல்லை, இரும்பு நாற்காலியும் காலண்டரும்தான் இருந்தன. யாரிடம் சொல்வது. செத்துப்போன மாமனாரிடமா, மெட்ராஸ் கடையில் விடிய விடியப் பட்டு வெட்டிக்கொண்டிருக்கிற அந்த முட்டாள் பயலிடமா. பெண்ணுக்கு இஷ்டமில்லை என்று வாய்விட்டு ஒரு தடவை சொன்னார், அவளுக்குக் கேட்கிற மாதிரி. திரும்பி வந்து, சொல்லிட்டேன், கல்யாணம் இல்லைன்னு ஆயிருச்சு என்றார். சுகிர்தம் நம்பாமல் பார்த்தாள். அப்பா ஏசலையா என்று கேட்டாள். ஏசல என்றார். அவள் தோள் ரெண்டும் கீழே இறங்கின. பெரிய மூச்சாக ஒன்று விட்டாள். தலையைக் குனிந்து கொடுத்தாள், பூவை எடுத்துவிடச் சொல்லி. அவர் ஒவ்வொரு ஊசியாக, வலிக்காமல், முடி சிக்காமல் உருவி வளையத்தைத் தூக்கி மேஜையில் வைத்தார். அவள் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் தெளிந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை அவர் பார்த்ததே இல்லை, இவ்வளவு லேசாக, ஒன்றும் சுமக்காமல். அழகாக இருந்தாள். அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

மாப்பிள்ளை என்ன சொன்னாக என்று கேட்டாள் சுகிர்தம்.

'சரின்னுட்டாரு,' என்றார் கோயில்பிள்ளை. 'பொண்ணுக்கு வேண்டாம்னா வேண்டாம்னுட்டாரு.' அதற்கு மேல் அவரால் முடியவில்லை. சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார்.

சுகிர்தம் அவரைப் பார்த்தாள். யாரோ ஒரு வெளி ஆள், தனக்காக இவ்வளவு செய்த மனுஷர், இப்படி அழுகிறாரே என்று அவளுக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். கையை நீட்டி அவர் முழங்கையைத் தொட்டாள்.

'அழாதீக அண்ணாச்சி,' என்றாள். 'அவுகளுக்கென்ன, வேற நல்ல பொண்ணாக் கிடைக்கும்.'